மணிக்கட்டில் லவங்கப்பட்டை

வாசல் மணி ஒரு தடவை அடித்தால் வந்திருப்பது யாரோ. விடாமல் அடித்தால் சின்னவள். அன்று காலை விடாமல் அடித்தது.

பெரியவள் ஒரு கையில் கார் சாவியும் மறுகையில் பாதி கடித்த ரொட்டியுமாகப் போய்க் கதவைத் திறந்தாள். தங்கை உள்ளே வரவில்லை, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோள்பையைத் துழாவிச் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். அதன் வாயில் சின்னதாக ஓர் உருளை இருந்தது.

"கையை நீட்டுக்கா."

"முடியாது."

"ஒரே ஒரு இழுப்பு."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. மணிக்கட்டு பூரா இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி சிவந்து போச்சு. கையை மறைக்க வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு அலைஞ்சேன்."

"அது பழசு. இது புதுசு. இது எரியாது."

"எரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மேல போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்?"

இந்தப் பதிலைப் பெரியவள் கேட்பது இது முதல் தடவை இல்லை. சின்னவள் பெயின்ட் கம்பெனிச் சோதனைக் கூடத்தில் நிறம் ஒப்பிடும் வேலையில் இருந்தவள். கம்பெனி வேறு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனபோது இவளை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டது. அதன்பிறகு வீட்டிலேயே சோப்பு காய்ச்சினாள், மெழுகுவர்த்தி ஊற்றினாள். இப்போது வாசனை எண்ணெய். பொருள் மாறிக்கொண்டே இருந்தது, சோதனை எலி மட்டும் மாறவில்லை. சோப்பில் முகம் உரிந்தவளும் பெரியவள்தான், மெழுகுவர்த்திப் புகையில் திரைச்சீலை கறுத்தது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் பெரியவள்தான்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. சண்டை போடுவதைவிடக் கையை நீட்டுவது சீக்கிரம் முடிகிற காரியம். நீட்டினாள். உருளை இரண்டு மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் குளிர்ச்சியாக ஓடியது. உடனே சுள்ளென்று இஞ்சி எழுந்தது. அப்போதுதான் தோல் சீவி நறுக்கிய இஞ்சி, சாறு விரலில் ஒட்டுகிற பச்சை இஞ்சி. மூக்கின் நுனி விறைத்தது. அனிச்சையாக ஒரு கையை மறுகையில் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதே!" என்று சின்னவள் அலறினாள். "தேய்ச்சா மேல் வாசனை செத்துடும். முதல்ல இஞ்சி வரும், அப்புறம் லவங்கப்பட்டை வரும், அப்புறம் என்ன வருதுன்னு நீதான் சொல்லணும். கழுவாதே. நான் நடுநடுவுல கூப்பிடுவேன்."

"நான் வண்டியில இருப்பேன்டி. பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க."

"ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா" என்றவள் படியிறங்கிப் போயேவிட்டாள்.

உள்ளே கணவன் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் இழுத்து இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார். ஒரு பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அவர் மூக்கு கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான். அது தெரிந்தும் அவரிடம் நீட்டியது தன் தப்பு என்று நொந்துகொண்டு பெரியவள் கிளம்பினாள்.

கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவள் ஆபத்து வரப்போகிறது என்று தோன்றினாலே மிதிப்பாள். அவளுடைய வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அந்தச் செருப்பு தேய்ந்ததில் பாதிப் பங்கு பல் டாக்டருடையது.

பல் டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஊரில் பாதிப் பேர் அவரிடம் வாயைத் திறந்திருக்கிறார்கள். அரைத் தூக்கத்தில்கூடக் கடைவாய்ப் பல்லின் வேரைத் தேடிப் பிடிக்கிற கை. ஆனால் அந்தக் கை ஸ்டியரிங்கைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்கும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுவார், வண்டி இருமிவிட்டு நின்றுவிடும், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அதில் இன்னும் நடுங்குவார். தேர்வில் ஏற்கெனவே தோற்றவர். விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லவும் பெரியவளுக்கு மனம் வரவில்லை. டாக்டரின் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை வீட்டில் கார் ஓட்டியவர் அவர்தான். இப்போது அந்தக் கார் போர்வை போட்டு மூடிக் கிடக்க, அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போக வாடகை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பதை டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு பெரியவள் அவரை மட்டும் அதட்டுவதில்லை. பிரேக்கை மட்டும் மிதிப்பாள்.

அன்று டாக்டர் வண்டியில் ஏறும்போது இஞ்சி எங்கே போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்த இஞ்சி வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் எங்கோ இறங்கிப் போய்விட்டது. அதன் இடத்தில் பட்டை வந்து உட்கார்ந்திருந்தது. காய்ந்த பட்டை, கொஞ்சம் காரம், கொஞ்சம் மரத்தூள். வெயில் ஏற ஏற, கண்ணாடிகளை மூடிய வண்டிக்குள் பெரியவளின் தோல் சூடேற, அந்தப் பட்டையும் வேறு எதுவாகவோ திரிந்துகொண்டே வந்தது.

போன் அடித்தது. சின்னவள். துண்டித்தாள். மறுபடி அடித்தது. துண்டித்தாள். மூன்றாவது தடவை எடுத்து, "இஞ்சி செத்துடுச்சு, வை!" என்று கத்தினாள்.

டாக்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். "யாரு மேடம்?"

"என் தங்கச்சி, டாக்டர். ஒண்ணும் இல்லை. நீங்க ரோட்டைப் பாருங்க."

கொஞ்ச தூரம் போனார்கள். டாக்டர் இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்து மோந்தார். பிறகு தயக்கத்தோடு, "உங்களுக்குப் பல்லு வலியா மேடம்?" என்றார்.

"இல்லையே. ஏன்?"

"கிராம்பு எண்ணெய் வெச்சிருக்கீங்களோன்னு நினைச்சேன்."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. "இது செண்ட், டாக்டர்."

"ஓ" என்றார் டாக்டர். அந்த 'ஓ'வில் மரியாதை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பரிதாபமும் இருந்தது. "அப்படியே எங்க கிளினிக் மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? காலையில் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக் கிளம்பியவள் பல் பிடுங்கும் அறை மாதிரி மணக்கிறாள், அவ்வளவுதானே. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டலாமா, அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்திச் சோப்பு போட்டுக் கழுவலாமா, கழுவினால் அந்தக் கிறுக்கச்சி ஒப்பாரி வைப்பாளே என்றெல்லாம் மனசுக்குள் பொருமிக்கொண்டு வந்தவள், சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். ரவுண்டானா தாண்டியிருந்தது.

அந்த ரவுண்டானாவில் டாக்டர் ஒருநாளும் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. இன்று நுழைந்து, வழிவிட்டு, சுற்றி, வெளியே வந்திருக்கிறார். கியர் மாற்றியதுகூடக் காதில் விழவில்லை. பெரியவள் தன் காலைப் பார்த்தாள். அது பிரேக் மேல் சும்மா கிடந்தது. டாக்டரின் தோள்கள் காதுக்குப் பக்கத்தில் இல்லை, இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தன. விரல்கள் ஸ்டியரிங்கை நெரிக்காமல் பிடித்திருந்தன.

"டாக்டர், இன்னிக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

டாக்டரே அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. வெட்கப்பட்டுச் சிரித்தார். "இந்த வாசனைதான் மேடம். காலேஜ் முடிச்சதுலேர்ந்து இதுலதானே நின்னுக்கிட்டு இருக்கேன். இது மூக்குல ஏறினா கை தானா நிதானத்துக்கு வந்துடுது."

பெரியவள் நம்பவில்லை. இப்படியும் உண்டா? ஏதோ நல்ல வேளை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள். மாலையில் சின்னவள் வந்து நின்றபோது அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் அந்தப் பரிதாபமான 'ஓ' மட்டும்தான்.

"சொல்லுக்கா. பட்டைக்கு அப்புறம் என்ன வந்துச்சு? இதமா, வெல்லம் காய்ச்சின மாதிரி, அடுப்புலேர்ந்து இறக்கின கேக் மாதிரி..."

"பல் ஆஸ்பத்திரி."

"என்ன?"

"பல் ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு. நான் சொல்லலை, பல் டாக்டரே சொன்னாங்க. அதுக்கு மேல அத்தாட்சி வேணுமா? வந்து சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

சின்னவள் எப்போதும்போல எகிறுவாள், உன் தோல்தான் சரியில்லை என்று திருப்பிக் குத்துவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவளோ, தான் வரும்போது மேசைமேல் வைத்த குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். போய்விட்டாள். ஒரே ஒரு தடவை மணியடித்துவிட்டுப் போகும் அந்நியர்களைப் போல அவ்வளவு சத்தமில்லாமல் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மாவின் போன் வந்துவிட்டது.

"அவளை என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. கேட்டா, பதில் சொன்னேன்."

"பெரியவளா லட்சணமா நாலு நல்ல வார்த்தை சொன்னாத்தான் என்ன? பாவம், வேலை போன பொண்ணு."

"கையில தடவிக்கிட்டு நாள் பூரா பல் ஆஸ்பத்திரி மாதிரி திரிஞ்சது நான். பாவம் அவளா?"

"உனக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வகுப்பில் பெரியவளின் கையில் ஒன்றும் இல்லை. டாக்டர் வண்டியை எடுத்தார். தெருமுனையிலேயே நின்றது. ரவுண்டானாவில் மறுபடி நின்றது. திரும்பும்போது ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்தார். பெரியவளின் செருப்பு மளமளவென்று தேய்ந்தது. வண்டியை ஓரங்கட்டியதும் டாக்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"மேடம், கேக்கவே கூச்சமா இருக்கு" என்றார் நிமிராமல். "டெஸ்ட் அன்னிக்கு அந்தச் செண்ட்டைப் போட்டுக்கிட்டு வர முடியுமா?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் செய்தாள், சின்னவள் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. துண்டிக்கப்படுகிறவருக்கு இப்படித்தான் இருக்குமா என்று யோசிக்கிற அளவுக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. நேரே போய்விட்டாள்.

சின்னவளின் குடியிருப்பில் மாடிப்படி ஏறும்போதே நெடி வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாசனை ஏறிக்கொண்டே போய், அவள் கதவுக்கு முன்னால் எல்லாம் ஒன்றாகக் கலந்து கண்ணைக் கரித்தது. உள்ளே அடுப்பங்கரை மேடை முழுக்கக் குப்பிகள், மருந்து சொட்டுவிடும் கண்ணாடிக் குழாய்கள், மோந்து பார்க்கும் காகிதத் துண்டுகள். சமைத்த அறிகுறி எதுவும் இல்லை.

"அந்தக் குப்பி வேணும்" என்றாள் பெரியவள்.

"எந்தக் குப்பி?"

"அதான்... பல் ஆஸ்பத்திரி."

"கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா!"

"நாத்தம்னு சொன்னா வெச்சுக் கும்பிடவா சொல்றே?"

பெரியவள் நடந்ததைச் சொன்னாள். ரவுண்டானா, இறங்கிய தோள்கள், குப்பைத் தொட்டி, சக்கர நாற்காலி எல்லாவற்றையும். சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ஆக, நான் மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டது ஒரு அம்மா ரிவர்ஸ் எடுக்கறதுக்கு" என்றாள்.

"குட்டி, கெஞ்சறேன்."

"நீயா?"

"நான்தான். இன்னொரு தடவை கேட்காதே, எழுந்து போயிடுவேன்."

சின்னவள் பெருமூச்சு விட்டபடி சின்னத் தராசை இழுத்து வைத்தாள். மணமில்லாத எண்ணெயை ஊற்றினாள். ஒரு பழுப்புக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டபடி, முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். அக்காவிடம் சொன்னாளா, தராசிடம் சொன்னாளா என்று தெரியாத குரல்.

"முதல்ல பட்டையில எடுத்த எண்ணெய்தான் போட்டிருந்தேன். எனக்குப் பிடிச்சது அதுதான். நினைச்ச மாதிரியே இருந்துச்சு. உன் கை வெந்துபோச்சு. அதனால அதே மரத்து இலையில எடுக்கற எண்ணெய்க்கு மாத்தினேன். இலை அவ்ளோ எரிக்காது. ஆனா கிராம்பு வாசனை தூக்கும். அது எனக்குத் தெரியாதா? இஞ்சியைக் கூட்டினா அமுங்கிடும்னு பார்த்தேன். உன் தோல்ல இஞ்சி நிக்கவே மாட்டேங்குது."

பெரியவளுக்கு வந்தது கோபம்தான்.

"ஏன்டி, பட்டையையே வெச்சுக்கிட்டு வேற யார் கையிலயாவது தடவிப் பார்த்திருக்கலாமே? ஊர்ல என் கை ஒண்ணுதானா இருக்கு?"

"தடவினேனே. மாடி வீட்டுக்காரங்க, பழைய கம்பெனி ஆளுங்க எல்லார் கையிலயும். எல்லாரும் சூப்பர், சூப்பர்ங்கறாங்க. தண்ணியைத் தடவினாலும் சூப்பர்னுதான் சொல்லுவாங்க. நாத்தம்னா நாத்தம்னு சொல்றது நீ ஒருத்திதான்."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"நீ எங்கே கேட்டே? கழுவிட்டு வந்து நின்னே."

பெரியவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். அறையில் அவ்வளவு நெடி. கண் எரிந்ததற்கு அது போதுமான காரணம்தான். குப்பியை வாங்கிக்கொண்டு வரும்போது, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று ஓர் அதட்டல் போட்டாள். நன்றி சொல்லும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

தேர்வு நாள் வந்தது. பெரியவள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்வதாக நினைத்து, குப்பியை டாக்டரிடமே முன்கூட்டிக் கொடுத்திருந்தாள். வாசனை டாக்டருக்குத்தானே வேண்டும், அதை ஏன் தன் கையில் சுமந்துகொண்டு போக வேண்டும்? அவரே பூசிக்கொண்டு வரட்டும்.

தேர்வு மைதானத்தின் வாசலில் டாக்டர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டைப் பெரியவளின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மேடம், இது அது இல்லையே!"

பெரியவள் மோந்தாள். இதமான, மெத்தென்ற வாசனை. அடுப்பிலிருந்து இறக்கிய கேக். மேலே சன்னமாக இஞ்சி, இன்னும் உயிரோடு இருந்தது. சின்னவள் எத்தனையோ மாதமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே வாசனை. கிராம்பு மருந்துக்குக்கூட இல்லை.

"கடவுளே" என்றாள் பெரியவள். "உங்க தோல்!"

"என் தோலுக்கு என்ன மேடம்?"

"ரொம்ப நல்ல தோலு. அதான் பிரச்சினை."

ஒருத்தி மேல் பல் ஆஸ்பத்திரியாக இருப்பது இன்னொருத்தி மேல் தின்பண்டமாகிவிடுகிறது. இதைத்தான் சின்னவள் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியச் சொன்னாள், உன் தோல்தான் காரணம் என்று. அவள் சொன்னது சரி என்று தெரிய வருவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது? அதோ, தேர்வு அதிகாரி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்.

பெரியவள் குப்பியைப் பிடுங்கினாள். இரண்டு மணிக்கட்டிலும் இழுத்தாள், முழங்கையில் இழுத்தாள், கழுத்தில் இழுத்தாள். குப்பென்று இஞ்சி கிளம்பியது. இஞ்சி! இப்போது யாருக்கு வேண்டும் இஞ்சி? அது தானாக இறங்கிப் போகும்வரை காத்திருந்தால் டாக்டர் இன்னொரு முறை தோற்றுவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பின்சீட்டுக்குத் தாவினாள். ஆசிரியர் பின்னால் வாய்மூடி உட்காரலாம், அது விதி. வாயைத்தான் மூட வேண்டும். கையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

அதிகாரி முன்சீட்டில் ஏறினார். ஒல்லியான மனிதர். பேசக் காசு கேட்பவர்போல உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். "எடுங்க" என்றார்.

டாக்டர் எடுத்தார். வண்டி இருமி நின்றது. அதிகாரி அட்டையில் ஏதோ குறித்தார். டாக்டரின் தோள்கள் காதை நோக்கி ஏறின.

தேய்த்தால் மேல் வாசனை செத்துவிடும். பெரியவள் தேய்த்தாள். மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்து, கட்டையைக் கடைந்து நெருப்பு மூட்டுகிறவள்போல, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். தோல் சூடாகிச் சிவந்தது. சாவு, செத்துத் தொலை என்று மனசுக்குள் இஞ்சியைத் திட்டினாள். வண்டி மறுபடி கிளம்பித் தள்ளாடி முதல் திருப்பத்தைக் கடந்தது. இஞ்சி மெலிந்தது. பட்டை வந்தது. இன்னும் தேய்த்தாள். சிக்னல் பக்கம் வரும்போது, கடைசியில், அந்தக் கிராம்பு மெல்ல எழுந்து வந்தது. பெரியவள் இரண்டு கைகளையும் நீட்டி டாக்டரின் சீட்டில் தலைசாய்க்கும் மெத்தைமேல் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஏன் இவ்ளோ முன்னாடி வர்றீங்க?" என்றார் அதிகாரி கண்ணாடியில் பார்த்து.

"முதுகுவலி சார்."

"பேசக் கூடாது."

டாக்டர் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தார். பின்சீட்டிலிருந்தே பெரியவள் பார்த்தாள்: தோள்கள் இறங்கின. விரல்கள் தளர்ந்தன. விளக்கு பச்சையானதும் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் அதிகாரிக்கும் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. நெளிந்தார். ஜன்னலைப் பார்த்தார். அவருடைய இடது கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"என்ன இது, பல் ஆஸ்பத்திரி மாதிரி..."

டாக்டர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் பல்லு சார்?" என்றார். அது பழக வந்தவரின் குரல் இல்லை. வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து வருகிற குரல்.

அதிகாரி கன்னத்திலிருந்த கையைச் சட்டென்று எடுத்தார். பிறகு, "கீழ. கடைசி" என்றார்.

"எவ்ளோ நாளா?"

"அடுத்த ரோட்ல லெஃப்ட் எடுங்க."

"எடுக்கறேன். குளிர்ந்த தண்ணி பட்டா வலிக்குதா, சூடு பட்டாலா?"

"ரெண்டும்" என்றார் அதிகாரி. இப்போது அவர் குரல்தான் தேர்வு எழுதுகிறவர் குரலாக இருந்தது.

டாக்டர் இடதுபுறம் திரும்பினார். மேட்டில் நிறுத்தி, ஒரு அங்குலம் பின்னால் உருளாமல் எடுத்தார். இரண்டு கார்களுக்கு நடுவில், கோணிய பல்லுக்குப் பக்கத்தில் கருவியை நுழைப்பவர்போல, வண்டியைப் பின்னால் நுழைத்து நிறுத்தினார். பெரியவளின் வலது கால் பின்சீட்டில் இல்லாத பிரேக்கைத் தேடாமல் இருந்தது.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். "ஆரம்பத்துல ஒரு தடவை நின்னுடுச்சு. மத்தபடி சரி. பாஸ்" என்றார். "இண்டிகேட்டரை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்கணும்."

"கண்டிப்பா சார்" என்றார் டாக்டர். "நீங்களும் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும். நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க, பயப்படாதீங்க."

அவர் இறங்கிப் போனதும் டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். பெரியவள் பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுக்கத் தட்டிக்கொடுக்க வாசனை இன்னும் பரவியது. இரண்டு பேரும் அழுகையும் சிரிப்புமாக ஜன்னல்களை இறக்கினார்கள்.

மதியம் வேறு மாணவர்கள். மாலையில் வகுப்புகள் முடிந்து பெரியவள் கைகழுவப் போகும்போது டாக்டரின் போன் வந்தது. போர்வையை எடுத்துவிட்டுக் காரைத் துடைத்தாராம். கணவரை முன்சீட்டில் உட்கார வைத்துத் தெருக்கோடிவரை போய்த் திரும்பினாராம். பேச்சு இன்னும் சரியாகத் திரும்பாத மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டு, தடுக்கித் தடுக்கி, "கேக் பண்ணினியா?" என்று கேட்டாராம். "அந்தச் செண்ட் எனக்கு ஒரு பாட்டில் வேணும் மேடம்" என்றார் டாக்டர். "நீங்க போட்டுக்க இல்லை, நான் போட்டுக்க."

பெரியவள் குழாயைத் திறக்காமல் நின்றாள். கழுவவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

சின்னவள் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "தேய்ச்சியா?"

"தேய்ச்சேன்."

"அக்கா!"

"பேசாம உக்காரு. இன்னிக்கு முழுசா சொல்றேன், ஒரு தடவைதான் சொல்வேன்." பெரியவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இஞ்சி, என் மேல நிக்காது. வரும்போது மூஞ்சியில அறையும், அப்புறம் ஓடிடும். டாக்டர் மேல நின்னுச்சு, அவங்க தோலு கொஞ்சம் எண்ணெய்ப் பசை, என்னோடது காய்ஞ்ச கட்டை. அதுக்கப்புறம் பட்டை. அது நல்லாத்தான் இருக்கு, பழைய பெட்டியைத் திறந்த மாதிரி. அப்புறம் உடம்பு சூடாக ஆக அந்தக் கிராம்பு சனியன் வருது. மத்தியானம் வரைக்கும் என்னாலயே என் பக்கத்துல உக்கார முடியலை. சாப்பாட்டுக்கு அப்புறம் அதுவும் களைச்சுப் போச்சு. எரிச்சல் இல்லை, சிவப்பு நான் தேய்ச்சதுனால வந்தது, உன் மேல தப்பு இல்லை. இப்ப என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. நீயே பாரு."

கையை நீட்டினாள். யாரும் கேட்காமல் நீட்டியது அதுதான் முதல் தடவை.

சின்னவள் குனிந்து மோந்தாள். தலையை எடுக்கவே இல்லை. கிராம்பு போயிருந்தது. காரமும் போயிருந்தது. தோலோடு தோலாக மெல்லிய ஓர் இனிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த மரம், வெயிலில் கிடந்த துணி, எங்கோ ஆழத்தில் ஒரு துளி சூடு.

"இது என் மூக்குக்கே வந்ததில்லைக்கா" என்றாள் மெதுவாக. "என் மேல இவ்ளோ நேரம் நிக்காது. நீ எப்பவும் இதுக்கு முன்னாடியே கழுவிடுவே."

"நடுவுல பல் ஆஸ்பத்திரி வந்தா யாருதான்டி கழுவாம இருப்பாங்க?"

"அப்ப, நல்லா இருக்குங்கறியா?"

"இப்ப நல்லா இருக்கு. காலையில மூஞ்சியில அறை, நடுவுல பல் ஆஸ்பத்திரி, சாயங்காலம் நல்லா இருக்கு. இதை எப்படி விப்பே? வாங்க வர்றவங்ககிட்ட, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு சொல்லுவியா?"

சின்னவள் யோசித்தாள். நிஜமாகவே, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"சொல்லலாமே" என்றாள்.

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.